மாலை போட்ட ஜெனரேட்டர்

முதல் நாள் அந்த வண்டியை ஓட்டியபோது என் இடது கால் பைத்தியம் பிடித்த மாதிரி கிளட்ச்சைத் தேடியது. பதினாறு வருஷமாக அந்தக் காலுக்கு அதுதான் வேலை. இல்லாத கிளட்ச்சை மிதித்து மிதித்துக் காலடி விரிப்பே சுருண்டுபோனது. பக்கத்து இருக்கையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த கம்பெனித் தம்பி, "அந்தக் காலை மடக்கி வச்சுக்குங்கக்கா. அதுக்கு இனிமே ரிட்டயர்மென்ட்டு" என்றான். நான் வலது காலை லேசாக அழுத்தினேன். ஐயோ, அது என்ன பாய்ச்சல்! கியர் இல்லை, உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலு அரசுப் பேருந்துகளை வரிசையாகத் தாண்டியதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாற்பது வயதில் ஒரு பொம்பளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரிப்பதைப் பார்த்து அந்தத் தம்பி கொஞ்சம் பயந்துபோனான் என்றே நினைக்கிறேன்.

மாமல்லபுரம் டாக்சி ஸ்டாண்டில் நான் ஒருத்திதான் பெண். வீடு சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்கு இரண்டு தெரு தள்ளி. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வண்டி ஆராய்ச்சி நிறுவனம், இன்னும் விற்பனைக்கு வராத தன் புது மாதிரி வண்டியை உண்மையான டிரைவர்கள் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கட்டும் என்று ஐந்து பேரைத் தேடியது. நான் விண்ணப்பம் போட்டபோது ஸ்டாண்டில் ஒரே கேலி. கிடைத்துவிட்டதும் கேலி நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அந்த அமைதி எனக்கு வண்டியைவிடப் பிடித்திருந்தது.

ஸ்டாண்டில் மூத்தவர் ஒரு டீசல் வண்டிக்காரர். எல்லோரும் அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பக்கம் சார்ஜ் ஏற்றும் துளை. இன்னொரு பக்கம் பெட்ரோல் மூடி. அவருக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னாமே, கரண்ட் வண்டின்னு சொல்லிகினு கீற, பெட்ரோல் டேங்க்கு எதுக்கு?"

"ரெண்டும் கீது அண்ணாத்த. ஆனா சக்கரத்த சுத்தறது மோட்டாரு மட்டும்தான். பெட்ரோல் இன்ஜினு சக்கரத்த தொடவே தொடாது."

"அப்போ அது உள்ள இன்னா பண்ணுது? தூங்குதா?"

"ஆமா, தூங்கும். பேட்டரி கொறஞ்சா எழுந்து கரண்ட் பண்ணும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால ஜெனரேட்டர் கீது பாரு, அது சமைக்குதா, மோளம் அடிக்குதா? கரண்ட் போனா வெளக்க எரிய வைக்கிது, அவ்ளோதான். அந்த மாதிரி."

அண்ணாத்த பெட்ரோல் மூடியை விரலால் தட்டினார். "பேட்டரிய பெருசா வச்சிட்டா முடிஞ்சிது. இந்த தொல்லை எதுக்கு?" என்றார்.

அதே கேள்வியை நான் கம்பெனித் தம்பியிடம் கேட்டிருந்தேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை, பொறுமைசாலி. பெரிய பேட்டரி என்றால் எடை கூடும், விலை கூடும், சார்ஜ் ஏற நேரமும் கூடும் என்று அவன் சொன்னான். தினசரி ஓட்டத்துக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் தாங்கும் பேட்டரி போதும். என்றைக்காவது திருவண்ணாமலை, வேளாங்கண்ணி என்று நீண்ட சவாரி வந்தால் அந்தச் சின்ன இன்ஜின் விழித்துக்கொள்ளும். அது காலுக்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்க வேண்டியதில்லை. தனக்குச் சுகமான வேகத்தில் நிதானமாக ஓடும், அதனால் பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். பெட்ரோல் பங்க் இருக்கிற இடமெல்லாம் வண்டி போகும். வழியில் பேட்டரி தீர்ந்து நடுரோட்டில் நிற்கிற பயமே வேண்டாம்.

அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஸ்டாண்டில் முழு பேட்டரி வண்டி வைத்திருக்கிற ஒருவர் எப்போதும் ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணைப் பேட்டரி அளவிலும் வைத்து ஓட்டுவார். ஏசி போடச் சொன்னால் முகம் வாடும். எனக்கு அந்தக் கவலை இல்லை என்பதில் வந்த கர்வத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சுற்றுலாக்காரர்களை அர்ஜுனன் தபசிலிருந்து முட்டுக்காடு வரை கூட்டிப் போய் வந்தாலும் இருபது, முப்பது சதவீதம் மிச்சம் இருக்கும். இரவு வீட்டு பிளக்கில் மாட்டினால் காலையில் நூறு. பிரேக்கில் கால் வைத்தால் அதிலும் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும். மூன்று வாரம் ஒரு சொட்டு பெட்ரோல் எரிக்கவில்லை. ஸ்டாண்டில் தினமும் அதைத்தான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பீற்றலில் ஒரு சிக்கல் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை வண்டித் திரையில் ஒரு கேள்வி வரும்: ஜெனரேட்டர் நீண்ட நாள் ஓடவில்லை, பராமரிப்புக்காகப் பத்து நிமிடம் ஓட்டலாமா? கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'இப்போது', இன்னொன்று 'பிறகு'. நான் ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்பதையே அழுத்தினேன். ஒரு சொட்டு எரிக்காதவள் என்கிற பேர் கெட்டுவிடும் அல்லவா!

இன்னொரு சிக்கல் மாலை. வண்டி வந்த வாரமே என் தங்கச்சி வீட்டுக்காரர் அதைத் திருப்போரூர் முருகன் கோயிலுக்கு ஓட்டிப் போனார். டயருக்கு எலுமிச்சம்பழம், தேங்காய், முன்னால் முழங்கை கனத்துக்கு ஒரு செவ்வந்தி மாலை. நான் சும்மா இருப்பேனா? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் சாமியாரிடம் மந்திரிக்கக் கொடுத்தேன். அங்கே ஒரு சம்பங்கி மாலை. தங்கச்சி கல்யாணம் காதல் கல்யாணம் என்பதால் எங்கள் குடும்பத்தில் எல்லாமே இரண்டு இரண்டுதான். எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி மாலையைக் கையால் அவிழ்க்கக் கூடாது, கத்தரி வைக்கவே கூடாது. காற்றிலும் ஓட்டத்திலும் அதுவாக உதிர்ந்து போகவேண்டும், அதுதான் நல்லது. கம்பெனித் தம்பி போனில் கேட்டான்: "அக்கா, முன்னாடி பூவெல்லாம் எடுத்தாச்சுங்களா? கிரில்லுக்குக் காத்துப் போகோணும்." நான் கூசாமல் "எடுத்தாச்சு தம்பி" என்றேன். மாலை இரண்டும் அப்போது காற்றில் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தன.

இனி குழந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

என் தங்கச்சி அரசு மருத்துவமனை நர்ஸ். நீலகிரி மலையில் போஸ்டிங். அவள் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, கூடுவாஞ்சேரியில் வாடகை வீடு. பிள்ளை பிறந்ததும் மலைக்குத்தான் தூக்கிப் போனாள். குளிர் ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. ஒரு வயது முடியும் முன்னே என்னிடம் கொண்டுவந்து விட்டாள். எனக்குக் கல்யாணம் ஒத்து வரவில்லை, விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. குழந்தைக்கு இப்போது நாலு வயது. பாதி நாள் அங்கன்வாடி, பாதி நாள் என் வண்டியின் பின்சீட்டு. என்னை அம்மா என்பாள். மாதம் ஒருமுறை வரும் என் தங்கச்சியை மலை அம்மா என்பாள். தங்கச்சி அதைக் கேட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவும் சாக்கில் பின்பக்கம் போய்விடுவாள்.

புது வண்டியில் இன்ஜின் சத்தம் இல்லாததால் குழந்தையின் பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது. பழைய வண்டியில் பாதி வார்த்தை டீசல் உறுமலில் போய்விடும். இதில் அவள் முணுமுணுப்பதுகூடக் காதில் விழும். ஆடு எண்ணுவாள், உப்பளம் எண்ணுவாள், சாலையில் போகிற பைக்கை எல்லாம் தன் அப்பா பைக் என்பாள். அந்த மூன்று வாரத்தில் நான் ரேடியோவே போடவில்லை.

தங்கச்சிக்கு இடமாறுதல் கலந்தாய்வு வந்தது. சென்னையில், காலை பத்தரைக்கு ஆரம்பம். அவள் வரிசை எண் இருபத்து மூன்று. செங்கல்பட்டில் ஒரே ஒரு காலியிடம். பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். ஆள் இல்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள், இடமும் அவர்களோடு போய்விடும். அடுத்த கலந்தாய்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருஷமாக அவள் காத்திருந்தது இந்தக் காலையைத்தான். முந்தின நாள் சாயங்காலமே மலையிலிருந்து வந்து சேர்ந்து, போட்டுக்கொள்ளும் புடவையை மூன்று தரம் இஸ்திரி போட்டாள்.

அன்று இரவு அடித்த காற்றில் தெருமுனையில் ஒரு தென்னை மட்டை கம்பிமேல் விழுந்து கரண்ட் போனது. காலையில் பார்த்தால் பேட்டரி இருபது சதவீதம். முந்தின நாள் முழுக்கச் சவாரி வேறு. ஆறு மணிக்கு அண்ணாத்த போன் போட்டார்: "இன்னாமே, கரண்ட் இல்லியாம்? நான் திருப்பதி டிரிப்புக்குக் கெளம்பறேன், மெட்ராஸ் வழியாத்தான். உன் தங்கச்சிய எறக்கி வுட்டுட்டுப் போறேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி அண்ணாத்த, புண்ணியமாகப் போகும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "உன் டீசல் பொகைய புடிச்சிகினு நீ போ அண்ணாத்த. என் வண்டி பேட்டரி செத்தாலும் ஓடும். டேங்க்கு நெறைய பெட்ரோல் கீது. இன்னிக்குத்தான் அது இன்னான்னு எல்லாருக்கும் காட்டப் போறேன்."

எட்டு மணிக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் தங்கச்சி, மடியில் சான்றிதழ் கோப்பு. பின்சீட்டில் குழந்தை. மாமல்லபுரம் தாண்டும்போது பேட்டரி பத்தைத் தொட்டது. உடனே வண்டிக்குள் எங்கேயோ ஆழத்தில் ஒரு 'உம்ம்ம்' என்ற சத்தம். எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று வாரமாகத் தூங்கினது எழுந்துவிட்டது!

"பாருடி, பாருடி, பெட்ரோல் கரண்ட்டா மாறுது!" என்று தங்கச்சியின் தொடையில் அடித்தேன். திரையில் இன்ஜினிலிருந்து பேட்டரிக்கும் மோட்டாருக்கும் பச்சை அம்புகள் ஓடின. நான் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தச் சத்தம் மாறவே இல்லை, ஒரே சீராக இருந்தது. வண்டி எண்பதில் போகும்போதே பேட்டரி பத்திலிருந்து பதினொன்று ஆனது. ஓடிக்கொண்டே சாப்பிடுகிற வண்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. குழந்தையும் வாயால் 'உம்ம்ம்' என்று கூடச் சேர்ந்து பாடினாள். தங்கச்சி முதல் தடவையாக அன்று காலையில் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பத்து நிமிஷம் தாங்கியது. பட்டிபுலம் கழிந்ததும் திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு எச்சரிக்கை: ஜெனரேட்டர் வெப்பம் அதிகம், மின் உற்பத்தி குறைக்கப்படுகிறது. நான் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி ஓட்டினேன். திருவிடந்தை நெருங்கும்போது அது சிவப்பாக மாறியது, 'உம்ம்ம்' நின்றது. பேட்டரி ஏழுதான். ஒரு ஆமைப் படம் வந்தது. காலை எவ்வளவு அழுத்தினாலும் நாற்பதுக்குமேல் போகமாட்டேன் என்றது. பின்னால் வந்த பேருந்து ஹாரனிலேயே என்னைத் திட்டியது.

திருவிடந்தை பெருமாள் கோயில் முகப்பில், மாலைக் கடைகளுக்கு எதிரே ஓரங்கட்டினேன். மணி எட்டு நாற்பது.

கல்யாணம் ஆகாதவர்கள் மாலையோடு வந்து வேண்டிக்கொள்ளும் கோயில் அது. கூடை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஒரு பூக்கார அம்மா ஓடி வந்தார். "வா கண்ணு, மாலை வாங்கிக்கோ. யாருக்கு வேண்டுதலு? உனுக்கா, இந்தப் பொண்ணுக்கா?"

"வண்டி நின்னுபோச்சும்மா. நீ வேற!" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கம்பெனித் தம்பிக்குப் போன் போட்டேன்.

"பானெட்டைத் தொறங்கக்கா. ரேடியேட்டர் முன்னாடி என்ன இருக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

திறந்தேன். என் வாயிலிருந்து "அட கர்த்தரே" என்று வந்தது. காய்ந்த செவ்வந்தி, காய்ந்த சம்பங்கி, வாழைநார், நடுவில் அந்த ஜிகினாச் சரிகை. கீழ் கிரில் வழியாக உள்ளே இழுக்கப்பட்டு ரேடியேட்டர் முழுக்க மெத்தை போட்ட மாதிரி அப்பிக் கிடந்தன. மாலை உதிர்ந்து காற்றில் போய்விட்டது என்று நான் நினைத்தேன். அது எங்கேயும் போகவில்லை.

"தம்பி, பூ கீது" என்றேன்.

"எடுத்தாச்சுன்னீங்களே அக்கா?"

"எடுக்கல. பொய் சொன்னேன். இப்போ இன்னா பண்றது, அத்த சொல்லு."

அவன் திட்டாமல் சொன்னான்: "பேட்டரியில மட்டும் ஓடுறப்ப அவ்வளவு சூடு வராதுங்க. இன்ஜின் எழுந்தாத்தான் அந்த ரேடியேட்டருக்கு முழு வேலை. அதுதான் இத்தனை நாள் தெரியலை. வாரம் ஒருக்கா பத்து நிமிஷம் ஓட்டியிருந்தீங்கன்னா அப்பவே சொல்லியிருக்கும். சரி, அதை விடுங்க. ஃபேன் நிக்கட்டும், பூவை எல்லாம் மெதுவா எடுங்க. தகடு மெலிசுங்க, குத்திடாதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. சூடு தணிஞ்சா மறுபடி ஓடும், ஒண்ணும் கெட்டுப்போகலை."

தங்கச்சி ரோட்டோரம் நின்று பேருந்துக்குக் கைகாட்டினாள். நிரம்பி வழிந்துகொண்டு ஒன்று நிற்காமல் போனது. போனில் வாடகை வண்டி தேடினாள். வர முப்பத்தைந்து நிமிஷம் என்றது. "அண்ணாத்த எங்க கீறாரு?" என்றாள். அண்ணாத்த அந்நேரம் மெட்ராஸைத் தாண்டியிருப்பார். அவரை நான்தான் அனுப்பிவைத்தேன். இஸ்திரி மடிப்பு கலையாமல் அவள் அந்தக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் விரலால் பூவைப் பிடுங்கினேன். சூடு கையைச் சுட்டது. அப்போது பின்சீட்டு ஜன்னலைத் தட்டி, "அம்மா, எனக்குப் பசிக்குது" என்று குழந்தை கூப்பிட்டாள். தங்கச்சி திரும்பினாள், நானும் திரும்பினேன். குழந்தை பார்த்தது என்னை.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் என் கை நின்றது. மெதுவாக எடு, ஒன்றும் அவசரமில்லை என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. பத்தரை தாண்டட்டும், இருபத்து மூன்றாம் எண் போகட்டும், யாரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது, மாலை சாமி மாலை. குழந்தை உன்னோடு சதுரங்கப்பட்டினத்திலேயே இருப்பாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, ஒரு மூச்சு நேரம் இருக்கும். என்மேல் எனக்கே அப்படி ஒரு அருவருப்பு வந்தது! 'சீ, நாயே' என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டேன்.

"யார நாயேன்ற?" என்று பக்கத்தில் பூக்கார அம்மா. போகவில்லை, அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். "மாலையைக் கட்ட எல்லாரும் இங்க வருவாங்க. அவுக்கறதுக்கு வந்தவ நீ ஒருத்திதான். தள்ளு. ஸ்டியரிங் புடிக்கிற கைக்கு இது வராது."

கூடையின் ஓரத்திலிருந்து மாலை கோர்க்கிற நீளமான ஊசியை உருவினார். முப்பது வருஷமாகக் காம்பு பிய்யாமல் பூவைக் கோர்த்த கை. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஊசியைப் படுக்கை வசத்தில் நுழைத்து, ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு கொத்து இதழ் வெளியே வந்தது. ஒரு தகடு வளையவில்லை. நான் நாரை உருவினேன். தங்கச்சி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்து ஜிகினாவைக் கத்தரித்தாள். நர்ஸ் பையில் கத்தரி எப்போதும் இருக்கும். குழந்தைக்கு அந்த அம்மா ஒரு வாழைப்பழம் கொடுத்திருந்தார், சத்தம் அடங்கிவிட்டது.

"கத்தரி வச்சிட்டியேடி" என்றேன்.

"முருகரும் மாதாவும் என்ன பாத்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. நீ இழு" என்றாள்.

ஒன்பது பத்துக்குக் கடைசி நார் வந்தது. இறங்கிக்கொண்டே வந்த வெப்ப முள் கோட்டுக்குக் கீழே விழுந்தது. திரை கேட்டது: ஜெனரேட்டரை இயக்கலாமா? 'இப்போது', 'பிறகு'. என் விரல் அன்றைக்கு முதன்முதலாக 'இப்போது' என்பதில் விழுந்தது. 'உம்ம்ம்!' நாங்கள் மூன்று பொம்பளைகளும் நடுரோட்டில் கைதட்டினோம். பூக்கார அம்மா உற்சாகத்தில் கூடையிலிருந்து ஒரு புது மாலையை எடுத்துக்கொண்டு வண்டி முன்னால் போனார். "ஐயோ, வேணாந்தாயே! உனுக்குக் கோடிப் புண்ணியம், அத்த மட்டும் வேணாம்!" என்று நான் கும்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த மாலையைத் தங்கச்சி கையில் திணித்தார்.

அதற்கப்புறம் நான் ஓட்டினதுதான் ஓட்டம். கோவளம், முட்டுக்காடு எல்லாம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆறாக இருந்த பேட்டரி ஏழு ஆனது, எட்டு ஆனது. முந்த வேண்டிய இடத்தில் மோட்டார் பேட்டரியிலிருந்து அள்ளிக் கொடுத்தது, சாதாரணமாகப் போகும்போது ஜெனரேட்டர் அதைத் திருப்பி நிரப்பியது. கொடுக்கல் வாங்கல் எனக்குத் தெரியாமலே நடந்தது. நான் செய்யவேண்டியது ஸ்டியரிங்கைப் பிடிப்பது மட்டும்தான். திருவான்மியூர் சிக்னலில் வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னாக்கா, நின்னுகினே ரேஸ் பண்றே?" என்றார்.

"நான் பண்ணலப்பா, அது தானா சமைச்சிகினு கீது!" என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் பறப்பது போல இருந்தது.

பத்து ஐம்பதுக்குக் கலந்தாய்வு நடக்கும் கட்டடத்தின் வாசலில் நிறுத்தினேன். வண்டி நிற்பதற்கு முன்னே தங்கச்சி இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று படியில் கழன்றது, அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்தச் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் காத்திருந்தேன். பின்சீட்டில் குழந்தை பூக்கார அம்மாவின் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தங்கச்சி வந்தாள். ஒரு காலில் செருப்பு, முகம் முழுக்கக் கண்ணீர், கையில் ஒரு காகிதம். "இரண்டாந்தரம் கூப்பிடும்போது உள்ள நொழஞ்சேன்கா. செங்கல்பட்டு. கெடச்சிடுச்சு" என்றாள். நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன். சத்தியமாகச் சந்தோஷம்தான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டாண்டில் அண்ணாத்தவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்கள் சொல்லி அவருக்குத் தெரிவதைவிட அது மேல். அவர் சிரிக்கவில்லை. தன் வண்டியின் முன்னால் போய்க் குனிந்து, கிரில்லில் தொங்கிய பழைய எலுமிச்சம்பழக் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தார். அதற்கு அடுத்த நாள் பார்த்தால் ஸ்டாண்டில் ஒரு வண்டியிலும் முன்னால் ஒன்றும் இல்லை. எல்லாம் உள்ளே, டேஷ்போர்டுக்குக் குடி வந்திருந்தன. கம்பெனித் தம்பி தன் அறிக்கையில் 'மாலை' என்று ஒரு தனிப் பத்தி எழுதினானாம், கிரில்லுக்குச் சல்லடை போடப் போகிறார்களாம். அதை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லித் திரிகிறேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூடுவாஞ்சேரியில் விட்டேன். துணிமணி, பொம்மை, அவள் தலையணை எல்லாம் பின்சீட்டில். தங்கச்சி ஒரு மாதமாக அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறாள் போலிருக்கிறது. நான் கிளம்பும்போது குழந்தை வாசல் கேட்டில் ஏறி நின்று கையாட்டினாள். "பெரியம்மா, டாட்டா! பெரியம்மா, மெதுவா போ!" என்றாள். சரியாகச் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஹாரன் அடித்தேன்.

கூடுவாஞ்சேரிக்குப் போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. பேட்டரியே தாங்கும். ஜெனரேட்டர் தேவைப்படாது, ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வரலாம். செங்கல்பட்டு வரை அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் வண்டி ரொம்ப அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்காகத்தான் முதல் நாள் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பின்சீட்டில் ஆடு எண்ண ஆள் இல்லை. டயர் உருள்வது கேட்டது, என் மூச்சுகூடக் கேட்டது.

திரையில் வழக்கமான கேள்வி வந்தது: ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டலாமா? 'இப்போது' என்பதை அழுத்தினேன். 'உம்ம்ம்' என்று அது ஆரம்பித்தது. நானும் கூடச் சேர்ந்து வாயால் 'உம்ம்ம்' என்றேன். பத்து நிமிஷத்தில் அது தானாக நின்றபோது திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தது. இன்னொரு தரம் அழுத்தினேன்.